பொது மண்டபமும் நமது மேடையும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் எனக்கு அளிக்கப்பட்ட பொருள், சென்னை நகரத்து நாடக அரங்கு ஒன்றின் வரலாறு என்பதாகும். கல்விக்காகத் தோன்றிய ஒரு சங்கத்தின் விழாவில் நாடக அரங்கைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். பொதுத் தேர்வு, உதவித் தொகை, விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசினால் பிள்ளைகளுக்குப் பயனுண்டு. கூத்தைப் பற்றிப் பேசி ஆவது என்ன என்று கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை. அக்கேள்வியை ஒதுக்கிவிடாமல், அதற்கு விடை கூறும் முறையிலேயே இவ்வுரையை அமைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. ஓர் இடம் பெயரினால் பொது இடமாகிவிடுவதில்லை. அங்கே யார் நிற்கலாம், யார் பேசலாம், யார் பேசும்போது மற்றவர் அமர்ந்து கேட்பர் என்பவற்றாலேயே அது பொது இடமாகிறது. இதனை மெய்ப்பிக்கும் வரலாறு, நம் ஊரிலிருந்து ஒரே வண்டியில் சென்று சேரும் தொலைவில் நின்றுகொண்டிருக்கிறது.

அரங்கின் இலக்கணம்

நாடக அரங்குக்கு இலக்கணம் கண்ட பழமை நம் மொழிக்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைக் கூறுகின்றது. கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி உள்ள மூங்கிலைக் கொணர்ந்து, 24 விரல் அளவுள்ள கோலாக நறுக்கி, அக்கோலால் 7 கோல் அகலமும், 8 கோல் நீளமும், 1 கோல் உயரமுமாக அரங்கு அமைத்தனர். புகவும் போகவும் இரண்டு வாயில்கள் இருந்தன. மூவகைத் திரைகள் இருந்தன. தூண்களின் நிழல் இடையூறாக விழாதபடி விளக்குகளை நிறுத்தினர் என்றும் இளங்கோவடிகள் கூறுகின்றார்.

இத்தனை நுட்பமாக அளந்த அவ்வரங்கு மன்னனின் முன்னிலையில் அமைந்த அரங்கு. அரங்கின் நீள அகலங்களோடு அளக்கவேண்டிய இன்னோர் அளவும் உண்டு. அது மேடைக்கும் மக்களுக்கும் இடையே உள்ள தொலைவு. மூங்கில் கோலால் அதனை அளக்க இயலாது. அந்தத் தொலைவைப் பற்றியதே இன்றைய நமது ஆராய்ச்சி.

செங்கல் மண்டபம்

வேப்பம்பட்டில் மின்சார வண்டி ஏறி, திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர் வழியாகச் சென்னை செல்வோர் இறங்கும் இடம் மூர் மார்க்கெட் வளாகம். 1985ஆம் ஆண்டு எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. அங்கிருந்து வெளியே வந்து மேற்கே நோக்கினால், வெண்ணிறமான ரிப்பன் மாளிகைக்கு முன்பாகவே, செந்நிறச் செங்கற்களால் ஆன பழைய கட்டடம் ஒன்று சதுரக் கோபுரத்தோடு நிற்பதைக் காணலாம். அதுவே விக்டோரியா பொது மண்டபம். மக்கள் அதனை 'டவுன் ஹால்' என்றே அழைத்து வந்தனர். நம் ஊரிலிருந்து பணிக்கும் படிப்பிற்கும் நாள்தோறும் சென்றுவரும் எத்தனையோ பேர் அதனைக் கடந்தே செல்கின்றனர்.

நகர மக்கள் கூடுவதற்கு ஒரு மண்டபம் வேண்டும் என்று அக்காலத்துச் சென்னைப் பிரமுகர்கள் விரும்பினர். 1883ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், இன்றைய ஆந்திரத்திலுள்ள விஜயநகரம் சமஸ்தானத்து மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். கட்டடத்தை வரைந்தவர் இராபர்ட் சிசோம். எழுப்பியவர் அக்காலத்தில் பெயர் பெற்ற ஒப்பந்தக்காரரான நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி அம்மண்டபத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 600 பேர் அமரலாம். மரத்தால் ஆன மேல்தட்டு ஒன்றும் உண்டு. பெருநகரங்களின் நாடக மாளிகைகளை நோக்க இது சிறிய அரங்கேயாகும்.

அது நின்ற நிலம் யாருடையது என்பதையும் நாம் அறிய வேண்டும். அந்நிலம் 'மக்கள் பூங்கா' என்னும் பெயர் கொண்ட பொதுப் பூங்காவின் ஒரு பகுதி. அதிலிருந்து 57 மனை நிலத்தை, மனை ஒன்றுக்கு ஆண்டிற்கு எட்டணா வாடகையில், 99 ஆண்டுக் குத்தகைக்கு நகராட்சி வழங்கிற்று. 1886இல் தொடங்கிய அக்குத்தகை 1985இல் முடிந்தது. ஆக, மண்டபத்தின் பெயரும் பொது. நிலமும் பொது நிலம். பூங்காவின் பெயரோ மக்கள் பூங்கா. இம்மூன்றையும் நினைவில் நிறுத்திக்கொண்டு அடுத்த செய்தியைக் கேளுங்கள்.

1892: அம்மண்டபத்தில் எழுந்த குரல்

1892ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டம் அம்மண்டபத்தில் நடைபெற்றது. மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் பேராளர்கள் வந்திருந்தனர். நீலகிரியின் சார்பில் வந்திருந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். 1845இல் பிறந்த அவர் சித்த மருத்துவர்; தமிழில் ஆழ்ந்த புலமை உடையவர்; 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவியவர். ஒடுக்கப்பட்ட மக்களின் கோரிக்கைகளைப் படித்தவர்கள் நிறைந்த அவையில் எடுத்துரைக்கவே அவர் எழுந்து நின்றார்.

அவர் முதலில் கேட்டது, சிவன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் நம் மக்களுக்கு நுழைவுரிமை. அவையில் சலசலப்பு எழுந்தது. சாத்திரியார் ஒருவர் எழுந்து, உங்கள் குலத்தாருக்குரிய தெய்வங்கள் மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் அல்லவா, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினார். அவையோர் முன்னிலையில் ஒருவரை இழிவுபடுத்தி அமர்த்திவிட அதுவே போதும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

பண்டிதர் அமர்ந்துவிடவில்லை. அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா என்றார். அத்தோடும் நிறுத்தவில்லை. ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்து எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி அளிக்கவேண்டும், பயிரிடப்படாமல் கிடக்கும் தரிசு நிலங்களை எங்கள் மக்களுக்கு வழங்கவேண்டும் என்று கேட்டார்.

அன்பர்களே, இந்நிகழ்ச்சியை நாம் பல கோணங்களில் எண்ணிப் பார்க்கலாம். நான் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். முதலாவது, மனை ஒன்றுக்கு எட்டணா வாடகையில் பெற்ற பொது நிலத்தின் மீது எழுந்த மண்டபத்தில் நின்றுகொண்டே, உழுதவனுக்குத் தரிசு நிலமாவது கொடுங்கள் என்று நம்மவர் கேட்க வேண்டியிருந்தது. இரண்டாவது, கதவு மூடப்பட்டபோது அக்கதவின் முன்னேயே அவர் நின்றுகொண்டிருக்கவில்லை. கல்விக்கும் நிலத்திற்கும் உரிய கதவுகளைத் தட்டினார். மூன்றாவது, இகழ்ச்சி வந்த அதே நொடியில் சொல் தடுமாறாமல் மறுமொழி கூறும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அவ்வாற்றல் பிறவியால் மட்டும் வருவதன்று, அது பயிற்சி. அவையில் நின்று பேசிப் பழகாத கல்வி பாதிக் கல்வியே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

அதே 1892ஆம் ஆண்டு, செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் திரெமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, செப்டம்பர் 30ஆம் நாள் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அவர் ஆராய்ந்த செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்ததுதான் நம் திருவள்ளூர் வட்டமும். 1893இல் பஞ்சமர் கல்விக்கென அரசாணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ஒரு குரலால் மட்டும் இவை விளைந்தன என்று நான் கூறவில்லை. ஆயினும் கேட்கவேண்டியதை, கேட்கவேண்டிய காலத்தில், கேட்கவேண்டிய இடத்தில் கேட்க ஒருவர் இருந்தார் என்பது நம் வரலாற்றின் பெருமை.

சபையும் கொட்டகையும்

அதே மண்டபம் தமிழ் நாடகத்தின் வரலாற்றிலும் இடம்பெற்றது. 1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியாரின் நாடகக் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்திற்று. கற்றவர்களே நடிகர்களாக மேடையேறியதைக் கண்ட ஓர் இளைஞர், தமிழிலும் அவ்வாறு செய்யவேண்டும் என்று உறுதி பூண்டார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு வயது 18. அதற்கு முன் தமிழ் நாடகங்களின் மீது தமக்கு வெறுப்பே இருந்தது என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நண்பர்கள் சிலருடன் அவர் 1891 ஜூலை முதல் நாள் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 1893இல் தம் முதல் நாடகமான 'புஷ்பவல்லி'யை விக்டோரியா மண்டபத்தில் மேடையேற்றினர். பின்னர் 'மனோகரா' முதலாகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார். பெண் வேடங்களை ஏற்றவர்களும் ஆடவரே. அவர்களுள் ரங்கவடிவேலு பெரும்புகழ் பெற்றார்.

சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பட்டதாரிகளும் சேர்ந்தனர். தீரர் சத்தியமூர்த்தி அச்சபையின் மேடையில் நடித்தார். 'கூத்தாடி' என்று இகழப்பட்ட தொழில், கற்றவர் கையில் மதிப்புள்ள கலையாயிற்று. இது சம்பந்தனார் செய்த பெருந்தொண்டு. இதனைக் குறைத்துக் கூறுவது நன்றியன்று. 18 வயதில் தொடங்கியதை அவர் வாழ்நாள் முழுவதும் விடாமல் செய்தார் என்பதை நம் இளைஞர்கள் பாடமாகக் கொள்ளலாம்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கற்றவர் நடித்தால் கலை, கல்லாதவர் நடித்தால் கூத்து என்னும் பிரிவினை இங்கேதான் வலுப்பெற்றது. வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடைக் கொட்டகை போன்ற இடங்களில், தொழில்முறை நடிகர்கள் வயிற்றுப் பிழைப்பிற்காக இரவு முழுவதும் பாடி நடித்தனர். அவர்களைக் காட்டிலும் தாழ்ந்தவராக எண்ணப்பட்டவர்கள் கிராமத்துக் கூத்துக் கலைஞர்கள். நாடகத்தைக் காலங்காலமாகக் காத்து வந்தவர்கள் அவர்களே. மதிப்பு வந்து சேர்ந்தபோது, அம்மதிப்பில் அவர்களுக்குப் பங்கில்லாமல் போயிற்று. அயோத்திதாசர் எழுந்து நின்ற ஆண்டிற்கும், 'புஷ்பவல்லி' அரங்கேறிய ஆண்டிற்கும் இடைவெளி ஓராண்டே. இரண்டும் ஒரே மண்டபம். ஒன்றைப் பற்றிய செய்தி நாடக வரலாற்று நூல்களில் இருக்கிறது. மற்றொன்றைப் பற்றிய செய்தி நம் வரலாற்று நூல்களில் இருக்கிறது. இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால்தான் அம்மண்டபத்தின் முழு வரலாறும் விளங்கும்.

கூத்துக் களம்

நகரத்து மண்டபத்தில் இவ்வாறிருக்க, நம் வடதமிழ்நாட்டுக் கிராமங்களில் நாடகத்திற்கு இடம் எங்கே இருந்தது? தெரு முனையிலும், கோயில் வெளியிலும், அறுவடை முடிந்த நிலத்திலும் இருந்தது. கூத்துக் களத்திற்குச் செங்கல்லும் வேண்டா, சிற்பியும் வேண்டா. பின்புறம் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் கொண்ட பாட்டுக் குழுவினர். இருவர் பிடிக்கும் ஒரு திரை. முற்காலத்தில் எண்ணெய்ப் பந்தம், பின்னர் காஸ் லைட்டு, இப்போது மின்விளக்கு. மூன்று புறமும் மக்கள். இரவு தொடங்கினால் பொழுது புலரும் வரை ஆட்டம். மரத்தால் செய்த கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகிய கட்டைகளை அணிந்து ஆடுவதால் கட்டைக்கூத்து என்றும் வழங்குவர். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடந்து, இறுதியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன் படுகளம் நிகழும்.

இக்கூத்தைப் பல சாதியினரும் ஆடினர்; நம்மவரும் ஆடினர். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பாரதக் கதையின் ஓர் இரவு முழுவதற்குமான பாட்டையும் வசனத்தையும் மனத்தில் வைத்திருந்தார் என்றால், அதனைக் கல்வியல்ல என்று யாரால் கூற இயலும்? கட்டியங்காரன் என்னும் பாத்திரத்தைப் பாருங்கள். அவன் அரசனுக்கு வாயிற்காவலன். ஆயினும் அரசனையே கேலி செய்வான். ஊர்ச் செய்தியைக் கதைக்குள் நுழைப்பான். பெரிய மனிதரின் தவற்றைச் சிரிப்பில் கலந்து சொல்லிவிடுவான். பகலில் வாய் திறக்கமுடியாத மனிதன் இரவில் வேடம் புனைந்து உண்மை பேசிய இடம் அக்களம்.

ஆனால் பழையது என்பதற்காக அனைத்தையும் போற்றிவிடவும் கூடாது. ஊர்த்தெருவில் கூத்து நடந்தபோது சேரி மக்கள் தொலைவில் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டியிருந்த ஊர்கள் பல. திருவிழாவை அறிவிக்கப் பறையடிக்கும் கடமை நம்மவர் மீது சுமத்தப்பட்டது. ஆனால் அவ்விழாவில் உரிமை மறுக்கப்பட்டது. விரும்பிச் செய்தால் கலை. மறுக்க முடியாமல் செய்தால் அடிமை வேலை. நம் முன்னோருள் பலர் பறையைக் கீழே வைத்தது இதனால்தான். இன்று நம் இளைஞர்கள் அதனை மீண்டும் கையில் எடுத்து மேடையில் முழக்குவதும் இதனை மாற்றுவதற்கே. இரண்டு செயல்களுக்கும் பின்னால் இருப்பது தன்மானமே என்பதை இரு தலைமுறையினரும் உணர வேண்டும்.

பொது என்னும் சொல்லின் பயணம்

மண்டபத்திற்குப் 'பொது' என்று பெயர் வைத்த காலத்தில், பொதுச் சாலையிலேயே நம்மவர் நடக்கமுடியாத ஊர்கள் இருந்தன. அச்சொல்லை உண்மையாக்குவதற்கு நம் தலைவர்கள் ஒவ்வொரு படியாக உழைத்தனர். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே, பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றில் நமக்குள்ள உரிமை அரசினால் அறிவிக்கப்பட்டது. பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938இல் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இவற்றின் முடியாக, அண்ணல் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட குழு வரைந்த அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு பொதுப் பொழுதுபோக்கு இடங்களிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அது கூறுகின்றது. கிணற்றுக்கும் சாலைக்கும் அருகிலேயே நாடகக் கொட்டகைக்கும் இடம் தந்திருக்கிறார்கள். தண்ணீருக்காகப் போராடிய தலைவர் கொட்டகையைச் சிறிய செய்தி என்று விட்டுவிடவில்லை. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், பொதுப் பொழுதுபோக்கு இடத்தில் ஒருவரைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நாடக அரங்கைப் பற்றிய பேச்சு கல்விச் சங்கத்திற்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு விடை.

நுழைய உரிமை கிடைத்தாலும், மேடையில் நின்று பேசுவதற்குத் தடைகள் வேறு வடிவில் இருந்தன. வெள்ளையர் 1876இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றினர். விடுதலைக்குப் பின்னரும் 1954இல் இங்கே ஒரு நாடகச் சட்டம் வந்தது, நடிகவேள் எம்.ஆர். ராதா அதனை எதிர்கொண்டார். அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தவர் எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி. மேடையில் பேசப்படும் சொல்லுக்கு ஆட்சியாளர் அஞ்சுகின்றனர் என்றால், அச்சொல்லின் வலிமை சிறிதன்று என்பது வெள்ளிடைமலை.

நமது மேடை

இத்தகைய மேடையில் நம்மவர் நம் வாழ்வையே நாடகமாக்கிய காலமும் வந்தது. இளையான்குடிக்கு அருகே மாரந்தை என்னும் ஊரில் 1955இல் பிறந்த கே.ஏ. குணசேகரன், நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தும் பாடியும் ஊர் ஊராகச் சென்றார். அவருடைய 'பலி ஆடுகள்' தமிழில் தலித் அரங்கின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. தம் இளமைக்கால அனுபவங்களை 'வடு' என்னும் தன்வரலாறாக எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகவும், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கி 2016இல் மறைந்தார். கூத்தும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

2017இல் சென்னைக் காமராசர் அரங்கத்தில், மலம் அள்ளும் தொழிலில் தள்ளப்பட்ட மக்களின் துயரைக் கூறும் 'மஞ்சள்' என்னும் நாடகம் நடைபெற்றது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக் குழு முதன்முதலாக மேடையேறியபோது, வடசென்னையின் கானாப் பாட்டு பல்லாயிரம் பேர் முன்னிலையில் சாதிக்கு எதிராக முழங்கியது. காஞ்சிபுரத்திற்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கத்தார் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில், ஆண்களுக்கே உரியது என்று எண்ணப்பட்ட கூத்தைப் பெண் குழந்தைகளும் பள்ளிக் கல்வியோடு சேர்த்துக் கற்றனர்.

விக்டோரியா மண்டபமோ நெடுங்காலம் பயனின்றிப் பாழடைந்து கிடந்தது. அண்மை ஆண்டுகளில் மாநகராட்சி அதனைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டது. மண்டபத்தைப் புதுப்பிப்பது மகிழ்ச்சிக்குரியது. அதில் நின்று பேசியவர்களைப் பட்டியலிடும்போது பலர் விவேகானந்தரின் 1897ஆம் ஆண்டுச் சொற்பொழிவை நினைவுகூர்வர், அது தக்கதே. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் அதே கூரையின் கீழ் நான்காம் வகுப்பு வரையேனும் கல்வி கொடுங்கள் என்று கேட்ட குரலையும் நினைவுகூர வேண்டியது நம் கடமை. நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

நாம் செய்யத் தக்கவை

இறுதியாக, சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: மாலை வகுப்புகளில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கும் நாம், வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை நிற்க வைத்துப் பேசச் செய்வோம். ஒரு நாடகத்தை உரக்கப் படிக்கட்டும். ஒரு கேள்விக்கு எழுந்து விடை கூறட்டும். நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் தயங்குவது அறிவுக் குறைவினால் அன்று, அவைக்குப் பழகாமையினால். அத்தயக்கம் ஒரு மாணவனின் வேலையையே பறித்துவிடக்கூடும் என்பதால், இதனைப் பொழுதுபோக்காக எண்ணாதீர்கள்.

இரண்டு: நம் பகுதியில் கூத்தாடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களுடைய பாட்டையும், அடவையும், ஆடிய களங்களின் பெயர்களையும் கைப்பேசியிலேனும் பதிவு செய்யுங்கள். எந்தத் தெருவில் ஆடினார்கள், எந்தத் தெருவில் ஆட விடவில்லை என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதுவே நம் ஊர் அரங்கின் வரலாறு. அதனை எழுத வெளியிலிருந்து ஒருவர் வரப்போவதில்லை.

மூன்று: சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் எழுப்பும்போது, அதில் வகுப்பறைகளோடு ஒரு மேடைக்கும் இடம் ஒதுக்குங்கள். பெரிய செலவு வேண்டா. ஒரு சிறு உயர்தளமும், எதிரே நூறு பேர் அமரும் வெளியும் போதும். பகலில் அது வாசிப்பறையாகட்டும், மாலையில் அவையாகட்டும்.

நான்கு: அந்த மேடையை நாமே குறுக்கிவிடாதிருப்போம். நமக்குள்ளும் உட்சாதிப் பிரிவுகள் உண்டு. நம் கூட்டங்களிலும் ஆண்கள் நாற்காலியில் அமர, பெண்கள் ஓரத்தில் நிற்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. தொலைவில் நிற்க வைக்கப்பட்டவர்கள் நாம். ஆகவே மற்றவரைத் தொலைவில் நிறுத்தும் உரிமை நமக்கு மட்டும் எப்படி வரும்? அம்மேடையில் முதலில் பேசுபவர் நம் பெண் பிள்ளைகளுள் ஒருவராக இருக்கட்டும்.

அன்பர்களே! 1892இல் நம்மவர் கேட்டது நான்காம் வகுப்பு வரையான கல்வி. இன்று இம்மன்றத்தில் பட்டதாரிகள் அமர்ந்திருக்கிறீர்கள். அந்த வளர்ச்சிக்கு இச்சங்கத்தின் 25 ஆண்டு உழைப்பும் ஒரு காரணம். அன்று ஒருவர் எழுந்து நின்று கேட்டார். இன்று எழுந்து நிற்கும் தகுதியுடையோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவர்கள் அனைவரும் நிற்பதற்கு ஓர் இடமும், பேசுவதற்குப் பயிற்சியும் கொடுப்பது அடுத்த 25 ஆண்டுகளின் பணியாகட்டும். அப்பணி வெல்க என்று வாழ்த்துகிறேன்.